"தறிச் சத்தமெல்லாம் பழகிடுச்சுங்க!" - குழந்தைக்கு உண்மையிலேயே பழகுமா?

சாயங்காலம் ஏழு மணி. சோமனூர் பக்கம் ஏதோ ஒரு கிராமம்னு வெச்சுக்குங்க. வீட்டை ஒட்டியே தறிக் குடோன், எட்டுத் தறியும் ஓடுகிறது. முன்னறையில் இரண்டாம் வகுப்புப் பையன் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறான். தறிச் சத்தத்தை மீறி சீரியல் வசனம் கேட்க வேண்டுமே, அதனால் டி.வி வால்யூம் உச்சத்தில். பக்கத்தில் அக்கா, கையில் போன், ஸ்பீக்கரில் ரீல்ஸ்.

"கண்ணு, மூணாவது கணக்கைப் போட்டியா?" அம்மா கேட்கிறார். பதில் இல்லை. "டேய் சாமி... உன்னைத்தான்!" அப்பவும் இல்லை. மூன்றாவது தடவை குரல் உயர்கிறது. "காது கேக்குதா இல்லியா? எந்நேரமும் வேடிக்கை!"

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்த உறவினர், "இந்தச் சத்தத்துல எப்படிங்க படிக்கிறான்?" என்று கேட்டால், அதே அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்: "அதெல்லாம் பழகிடுச்சுங்க!"

கவனிச்சீங்களா? ஒரே வீட்டில், ஐந்தே நிமிட இடைவெளியில், ஒரே பையனைப் பற்றி இரண்டு தீர்ப்பு. சத்தம் பழகிவிட்டது, ஆனால் கவனம் மட்டும் இல்லை. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, வேண்டாத சத்தத்தையும் காட்சியையும் ஒதுக்கித் தள்ளும் திறமை ஒரு குழந்தைக்கு எந்த வயதில், எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் தறி இல்லாமல் இருக்கலாம். காந்திபுரம் பஸ் ஹாரனோ, பக்கத்து வீட்டு டி.வி-யோ நிச்சயம் இருக்கும்.

கவனிக்காமல் இருப்பதும் ஒரு வேலை

ஒன்றைக் கவனிப்பதுதான் வேலை, மற்றதைக் கவனிக்காமல் விடுவது தானாக நடப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். மூளைக்கு அப்படி இல்லை. காதில் விழும் ஒவ்வொரு சத்தத்தையும், கண்ணில் படும் ஒவ்வொரு அசைவையும் 'இது இப்ப வேண்டாம்' என்று நிறுத்திவைக்க மூளை உழைத்தாக வேண்டும். அந்த உழைப்பில் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிக்கு. மூளையிலேயே மெதுவாக, கடைசியாக முதிர்கிற பகுதிகளில் அதுவும் ஒன்று. இருபதுகளின் நடுப்பகுதி வரை அது வளர்ந்துகொண்டே இருக்கிறது.

அதாவது, வண்டி ஓட ஆரம்பிச்சாச்சு, பிரேக் மட்டும் இன்னும் முழுசா ஃபிட் ஆகவில்லை. குழந்தைகளின் 'வேடிக்கை பார்க்கும்' பழக்கத்துக்குப் பெரும்பாலான நேரங்களில் காரணம் இதுதான். திமிரோ சோம்பலோ இல்லை.

டி.வி-யைப் பார்க்கவே இல்லையே!

கைக்குழந்தையிலிருந்து ஆரம்பிப்போம். சில மாதக் குழந்தை, பளிச்சென்று தெரிவதையும் திடீரென்று கேட்பதையும் நோக்கித் திரும்பும். எதைப் பார்ப்பது என்று அது முடிவு செய்வது குறைவு. வெளியுலகம்தான் அதன் கவனத்தைப் பிடித்து இழுக்கிறது.

ஒன்று முதல் மூன்று வயதுக்குள் விளையாட்டில் ஆழ்ந்துபோவது தொடங்கும். இந்த வயதுக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள், 2008-ல் வெளியானது. 50 குழந்தைகள், வயது 1, 2, 3. ஒரு மணி நேரம் பொம்மைகளோடு விளையாட விட்டார்கள். அதில் பாதி நேரம் அறையில் டி.வி ஓடியது. பெரியவர்கள் பார்க்கும் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி, குழந்தைக்கு அதில் ஒன்றுமே புரியாது. குழந்தைகளும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எப்போதாவது தலையைத் தூக்கிச் சில விநாடி பார்த்துவிட்டுப் பொம்மைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் டி.வி ஓடிய அரை மணி நேரத்தில், ஒவ்வொரு விளையாட்டிலும் அவர்கள் தங்கிய நேரம் குறைந்தது. ஆழ்ந்து விளையாடுவதும் குறைந்தது.

"டி.வி சும்மா ஓடிட்டு இருக்கு, பாப்பா அதைப் பார்க்கிறதே இல்லைங்க" என்று சொல்கிற வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். இரண்டு வயதுக்குக் கீழ் ஸ்கிரீனே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். ஆனால், அந்த ஒரு மணி நேரக் கணக்கில், யாரும் பார்க்காமல் ஓடும் டி.வி-யை நாம் சேர்ப்பதே இல்லை.

நாலு வயதும் ஏழு வயதும்

பெரிய தாவல் நடப்பது நாலு வயதுக்கும் ஏழு வயதுக்கும் நடுவில். இதை அளக்க ஒரு எளிய விளையாட்டு உண்டு. திரையில் ஐந்து மீன்கள் வரிசையாக நிற்கும். நடு மீன் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கத்துப் பட்டனை அழுத்த வேண்டும். ஐந்து மீனும் ஒரே பக்கம் பார்த்தால் சுலபம். நடு மீன் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்தால்தான் சிக்கல். மற்ற நாலு மீன்களும் கண்ணை இழுக்கும், கை தவறான பட்டனுக்குப் போகும். ருவேடா என்ற ஆய்வாளரின் குழு செய்த ஆய்வுகளின்படி, நாலு வயதுக் குழந்தைகள் இதில் ரொம்பவே திணறுகிறார்கள். ஏழு வயது வரை மடமடவென முன்னேறுகிறார்கள். அதற்குப் பிறகு இந்த விளையாட்டில் பெரியவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

'அப்ப ஏழு வயசோட வேலை முடிஞ்சுது' என்று நினைத்துவிடாதீர்கள். அது ஐந்து மீனுக்குத்தான் பொருந்தும். மனதில் ஒரு கணக்கை வைத்துக்கொண்டே வேறொன்றை ஒதுக்க வேண்டிய கடினமான வேலைகளில், முன்னேற்றம் டீன் ஏஜ் வரை நீள்கிறது.

இங்கே பள்ளிக்கூடங்களுக்கு ஒரு செய்தி. எல்.கே.ஜி, யு.கே.ஜி வகுப்புக்குள் நுழைந்தால் சுவர் தெரியாத அளவுக்குச் சார்ட்டும் தோரணமும் இருக்கும். அட்மிஷனுக்கு வரும் நமக்கும் அதைப் பார்த்தால் ஒரு திருப்தி. 2014-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா ஃபிஷர் குழுவினர், 24 சிறு குழந்தைகளுக்குச் சில பாடங்களை அலங்காரம் நிறைந்த அறையிலும், சில பாடங்களை வெறும் சுவர் உள்ள அறையிலும் நடத்திப் பார்த்தார்கள். அலங்கார அறையில் குழந்தைகளின் கவனம் பாடத்தை விட்டு விலகியிருந்த நேரம் சுமார் 39 சதவிகிதம். வெற்றுச் சுவர் அறையில் சுமார் 28. பாடம் முடிந்து கேட்ட கேள்விகளில் சரியான பதில்கள் அலங்கார அறையில் 42 சதவிகிதம், மற்றதில் 55. சின்ன ஆய்வுதான், இதை வைத்து எல்லாச் சார்ட்டையும் கிழிக்க வேண்டியதில்லை. கரும்பலகையைச் சுற்றி நாலடி இடத்தையாவது காலியாக விடலாமே?

காதுக்குத் தாமதமாகத்தான் வயசாகிறது

கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூட முடியாது. சத்தத்தை ஒதுக்குவதை மூளைக்குள்தான் செய்தாக வேண்டும்.

1960-களில் எலினார் மக்கோபி என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஓர் ஆண் குரலும் ஒரு பெண் குரலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களைச் சொல்லும். அதில் ஒரு குரல் சொன்னதை மட்டும் குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். வயது ஏற ஏறச் சரியான விடைகள் கூடின, மற்ற குரலின் சொல்லைத் தவறாகச் சொல்வது குறைந்தது. பின்னால் வந்த செவித்திறன் ஆய்வுகள் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தன. ஃபேன் இரைச்சல் மாதிரி ஒரே சீரான சத்தத்துக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்வதில், குழந்தைகள் பெரியவர்களை எட்டிப்பிடிப்பது ஏறத்தாழ 10 வயதில். பின்னணியில் ஓடுவது இன்னொருவர் பேச்சு என்றால், அந்த எட்டிப்பிடித்தல் 13, 14 வயது வரை தள்ளிப்போகிறது.

இதை வைத்துப் பார்த்தால், ஏழாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் அறையில் ஃபேன் கடகடவென்று ஓடுவதைவிட, பக்கத்து அறையில் சீரியல் மாமியார் பேசுவதுதான் பெரிய தொந்தரவு. அதுவும் தமிழில் பேசினால் மூளை சும்மா விடுமா? அர்த்தம் தெரிந்த சொல் ஒவ்வொன்றும் கதவைத் தட்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சத்தத்தில் நமக்கு ஒரு சொல் பாதிதான் காதில் விழுந்தாலும், மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். "நாளைக்கு பள்ளிக்கூடம் லீ..." என்றால் 'லீவு' என்று நமக்குத் தெரியும். சொற்களையே இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தையிடம் அப்படி நிரப்பக் கையிருப்பு குறைவு. ஆறு வயதுக் குழந்தை "என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், எரிந்து விழுவதற்கு முன் பின்னணியில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

'பழகிடுச்சு' என்பதன் விலை

இப்போது சோமனூருக்குத் திரும்புவோம். சோமனூர், பல்லடம், மங்கலம், தெக்கலூர், அந்தப்பக்கம் பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று கொங்கு மண்டலத்தில் தறிச் சத்தத்திலேயே தூங்கி எழும் ஊர்கள் ஏராளம். கரண்ட் போய் தறி நின்றதும், தூங்குகிற குழந்தை விழித்து அழும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். தறிக் கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். நாம் இயல்பாகப் பேசும் குரல் 60 டெசிபல் அளவுதான்.

கிட்டத்தட்ட இதே அளவு சத்தத்தில் படித்த குழந்தைகளைப் பற்றிப் புகழ்பெற்ற ஓர் ஆய்வு உண்டு. நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடம், பப்ளிக் ஸ்கூல் 98. அதன் ஒரு பக்கத்தை ஒட்டி உயர்மட்ட ரயில் பாதை. நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில், அது கடக்கும்போது வகுப்பறையில் 89 டெசிபல். ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அர்லின் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர், ரயில் பக்கத்து வகுப்புக் குழந்தைகளின் வாசிப்புத் திறனை, அதே பள்ளியின் அமைதியான பக்கத்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். 1975-ல் வெளியான முடிவு: ஆறாம் வகுப்புக்கு வரும்போது ரயில் பக்கத்துக் குழந்தைகள் ஏறத்தாழ ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். அவர்களுக்கும் ரயில் 'பழகித்தான்' போயிருந்தது.

அதோடு கதை முடியவில்லை. ரயில்வே நிர்வாகம் தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகளை வைத்தது. வகுப்பறைகளின் மேற்கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகைகள் பொருத்தினார்கள். பிரான்ஸாஃப்ட் திரும்பவும் போய் அளந்தார். 1981-ல் வெளியான அந்த முடிவில், இரண்டு பக்கக் குழந்தைகளுக்கும் வாசிப்பில் வித்தியாசம் இல்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரிலும் இதேபோல் நடந்தது. 1992-ல் பழைய விமான நிலையம் மூடப்பட்ட பிறகு, அதன் அருகில் வாழ்ந்த பத்து வயதுக் குழந்தைகளின் வாசிப்பும் ஞாபக சக்தியும் மேம்பட்டன. புதிய விமான நிலையம் வந்த இடத்தில் அவை சரிந்தன.

பழகுதல் என்றால் என்னதான் நடக்கிறது? அதற்கான நல்ல துப்பு 1973-ல் வந்த இன்னொரு நியூயார்க் ஆய்வில் இருக்கிறது. நெடுஞ்சாலைக்கு நேர் மேலே கட்டப்பட்ட 32 மாடிக் குடியிருப்புகள் அவை. ஷெல்டன் கோஹனும் சக ஆய்வாளர்களும், கீழ் மாடிக் குழந்தைகளையும் மேல் மாடிக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். சத்தம் அதிகமான கீழ் மாடிகளில் வசித்தவர்கள், ஒலியில் நெருக்கமான சொற்களைப் பிரித்தறிவதில் பின்தங்கினார்கள். தமிழில் சொன்னால் 'படி', 'பாடி', 'பாதி' மாதிரி. வாசிப்பிலும் அது தெரிந்தது. அந்த வீட்டில் நாலு வருடத்துக்கு மேல் இருந்தவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாக இருந்தது. ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இது: ஓயாத சத்தத்தைத் தாக்குப்பிடிக்க, குழந்தை காதுக்கு வரும் எல்லாவற்றையும் மொத்தமாக ஒதுக்கக் கற்றுக்கொள்கிறது. எது வேண்டியது, எது வேண்டாதது என்று பிரிக்கும் பக்குவம் வருவதற்கு முன்பே கதவைச் சாத்திவிடுகிறது. வெளியே நிற்பவர்களில் ஆசிரியரும் உண்டு, அம்மாவும் உண்டு.

முதலில் பார்த்த வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். "மூணாவது கணக்கைப் போட்டியா?" என்பது அந்தப் பையனுக்குக் கேட்காமல் போனது ஏன் என்பதற்கு ஒரு வலுவான காரணம் கிடைக்கிறது, இல்லையா?

ரயிலும் தறியும் ஒன்றில்லை என்பது உண்மை. ரயில் வந்து போகும், தறி நிற்காது. தறி வீட்டில் படித்து டாக்டரும் இன்ஜினீயரும் ஆனவர்கள் இந்தப் பக்கம் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள், நீங்களே அப்படி ஒருவராக இருக்கலாம். அதற்காக நீங்கள் எவ்வளவு கூடுதலாக உழைத்தீர்கள் என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வேடிக்கை பார்ப்பதிலும் லாபம்

குழந்தை பக்கமும் ஒரு நியாயம் பேசிவிடுவோம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட சோதனை இது. திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிவப்பில் ஓர் உருவம், பச்சையில் ஓர் உருவம். ஒரு நிறத்தை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். பிறகு படத்தை மாற்றிக் காட்டினார்கள். கவனிக்கச் சொன்ன உருவம் மாறியதைப் பெரியவர்கள் 94 சதவிகிதமும், 4-5 வயதுக் குழந்தைகள் 86 சதவிகிதமும் கண்டுபிடித்தார்கள். கவனிக்கச் சொல்லாத உருவம் மாறியதைக் கண்டுபிடித்ததில் நிலைமை தலைகீழ். குழந்தைகள் 77, பெரியவர்கள் 63!

காணாமல் போன வண்டிச் சாவி சோபாவுக்கு அடியில் கிடப்பதை நாலு வயது வாண்டு முதலில் சொல்வது இதனால்தான். மொழி, மனிதர்கள், ஊர் என்று எல்லாமே புதிதாக இருக்கும் வயதில், எது பிற்பாடு உதவும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அது எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

தறியை நிறுத்த முடியாது, அது சோறு. டி.வி-யை நிறுத்தலாம். யாரும் உட்கார்ந்து பார்க்காத டி.வி-யை அணைப்பது, செலவே இல்லாத முதல் வேலை. பிள்ளை படிக்கும் அந்த ஒரு மணி நேரம் சீரியலைத் தள்ளிவைக்க அம்முச்சி சம்மதிக்க மாட்டாரா? கேட்டுப் பாருங்கள். ரீல்ஸ் பார்க்கும் அக்காவும் அண்ணனும், அதாவது இதைப் போனில் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள், இயர்போன் போட்டுக்கொள்ளலாம்.

படிக்கும் இடத்தைக் குடோன் சுவரிலிருந்து முடிந்தவரை தள்ளி அமையுங்கள். தறிப் பக்கத்து ஜன்னலையும் கதவையும் அந்த நேரம் சாத்துங்கள். தடிமனான திரைச்சீலையும் துணி அடைத்த அலமாரியும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். மேஜையைத் தெருவைப் பார்க்காமல் வெற்றுச் சுவரைப் பார்த்துப் போடுங்கள்.

பேசும் முறையில்தான் பலன் அதிகம். சமையலறையிலிருந்து கத்துவதற்குப் பதில், பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உதட்டசைவைப் பார்த்தால் சத்தத்தில் தொலைந்த பாதிச் சொல் திரும்பக் கிடைக்கும். ஆறு வயதுக்குக் கீழ் என்றால் ஒரு தடவைக்கு ஒரு வேலை போதும். "பையை வெச்சுட்டு, கை கழுவிட்டு, நோட்டை எடுத்துட்டு வா" என்றால் பை மட்டும்தான் வைக்கப்படும்.

'வயசு எத்தனையோ, அத்தனை இரண்டு நிமிஷம்தான் கவனம் நிற்கும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு சுற்றுகிறது. அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே குழந்தை மணலில் அரை மணி நேரம் வீடு கட்டும். பிடித்த வேலையா, தூக்கம் போதுமா, சுற்றிலும் என்ன நடக்கிறது என்று பல விஷயங்களைப் பொறுத்தது அது.

கவனத்தை வளர்க்கும் ஆப், கோர்ஸ் என்று விற்கிறார்களே? அந்த விளையாட்டில் மார்க் கூடும், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். பாடத்தில் அது உதவும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். பணம் கட்டுவதற்கு முன் 'காக்கா பறக்கும், குருவி பறக்கும்' விளையாடிப் பாருங்கள். 'எருமை பறக்கும்' என்றதும் கையைத் தூக்காமல் அடக்க வேண்டும், மீன் சோதனையில் கேட்கும் அதே வகை அடக்கம்தான். மார்க் கூடுமா என்பது இருக்கட்டும், வீடே சிரிக்கும்.

வீட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. பொதுத்தேர்வு வரும் மார்ச் மாதத்தையொட்டித்தான் கோவையில் கோனியம்மன் தேர், அடுத்து பண்ணாரி குண்டம், ஊருக்கு ஊர் மாரியம்மன் நோன்பி. திருவிழா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. பள்ளியைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட 100 மீட்டருக்குள் பகலில் வரம்பு 50 டெசிபல். வகுப்பறைக்குள் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நோன்பிக் கமிட்டியில் உங்கள் வயதுப் பசங்கள்தானே ஸ்பீக்கர் பொறுப்பில் இருப்பார்கள்? பள்ளிக்கூடப் பக்கம் திரும்பியிருக்கும் ஒரு குழாயை வேறு பக்கம் திருப்ப ஐந்து நிமிடம் போதும்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்? எல்லா வேடிக்கையும் ஏ.டி.ஹெச்.டி இல்லை. வீட்டில் மட்டும், அல்லது ஒரு டீச்சர் வகுப்பில் மட்டும் என்றால் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். வீடு, பள்ளி என்று ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில், ஆறு மாதமாவது தொடர்ந்து, படிப்பையும் நட்பையும் பாதிக்கும் அளவுக்கு இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் போகலாம். அதற்கும் முன்னால் காதைச் சோதித்துவிடுங்கள். தறி வீட்டுக் குழந்தை என்றால் கட்டாயம். சளி அடைத்துக் காது பாதி கேட்காமல் இருக்கும் குழந்தைதான் சில நேரம் 'சொல்பேச்சு கேக்காத' குழந்தை என்று பெயர் வாங்குகிறது.

பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்ட் நிறுத்தும் நாள் எப்போதாவது சனிக்கிழமையாக அமையும். அன்றைக்கு ஊரில் ஒரு தறியும் ஓடாது, டி.வி-யும் ஓடாது. அந்த நேரம் பார்த்து உங்கள் வீட்டு வாண்டு பக்கத்தில் உட்காருங்கள். குரலை உயர்த்தாமல், "கண்ணு, மூணாவது கணக்கைப் போட்டியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.